சம்படத்துக்குள் பன்னிரண்டு நாள்

ஐப்பசி அடைமழை ஊரையே ஊறப்போட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சௌபாக்கியம் மில்லில் பத்தொன்பது வருஷமாக ஒரு நாள்கூட லீவு போடாத செண்பகவல்லி, மகளின் பேறுகாலத்துக்குக் கருப்பட்டி லேகியம் கிண்டிக் கொண்டுபோக ஒரு பாத்திரம் வேண்டும் என்று ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டில் வரிசையாக நின்ற எவர்சில்வர் சம்படங்களில் ஒன்றை இறக்கி, பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, இறுகிக் கிடந்த மூடியை முந்தானையால் பிடித்துத் திருகியபோது, உள்ளேயிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை வெளியே வந்தது.

செவ்வாய்க்கிழமைதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் காலனி அம்மன் கோயிலில் செவ்வாய்க்கு மட்டும் கட்டும் ஒலிபெருக்கியின் கரகரப்பு அதோடு சேர்ந்து வந்தது. முதலில் விடியல் வழிந்து அடுப்படித் தரையில் பரவியது, அதன்மேல் மாசி மாதத்து இளவெயில் ஏறியது, வெயில் முழங்கால் அளவு வந்து இடுப்பளவு வந்து கடைசியில் வீடு முழுக்க நிறைந்தபோது, வெளியே ஓட்டு விளிம்பில் விழத் தொங்கிய மழைத்துளி விழாமல் தொங்கியபடியே நின்றது, சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே கால் ஒன்பதே காலாகவே நின்றது. செண்பகவல்லி கூச்சல் போடவில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று பழைய நூல்சேலையைக் கிழித்துத் துவைத்த துணிகள் மூன்று நாளாகக் காயாமல் கிடந்தன, அவற்றை எடுத்து உதறி அந்த வெயிலில் கொடி கட்டிக் காயப்போட்டாள், காய்ந்த பக்கத்தைத் திருப்பியும் போட்டாள்.

துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் மகளைப் பார்த்தாள். மாரிக்கனிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையில் ஏழு வயது இருக்கும். தானாகத் தலை பின்னிக்கொண்டு, இரண்டு சடையும் இரண்டு உயரத்தில் தொங்க, வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். "ஏட்டி மாரி" என்று கூப்பிட்டாள் செண்பகம். பிள்ளைக்குக் கேட்கவில்லை. கையை நீட்டினாள். கைக்குச் சூடான வெயில்தான் தட்டுப்பட்டது. பொழுது சாய்ந்து அந்த நாள் தரையில் வற்றி மறைந்ததும் தொங்கிய துளி சொட்டென்று விழுந்தது, கடிகாரம் ஒன்பது பதினாறு காட்டியது, துணிகள் மட்டும் மொடமொடவென்று காய்ந்து கிடந்தன.

அந்தச் சம்படங்கள் எப்படி வந்தன என்று சொல்லாமல் மேலே போக முடியாது. சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

மில்லில் ஆளுக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. இல்லை என்று எவரும் சொன்னதில்லை. வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போன பிறகு லேபர் ஆபீசர் தனுஷ்கோடியின் நாற்காலிக்கு மேலே பெரிய படமே மாட்டியிருந்தார்கள், கடற்கரையில் அப்பன் ஆத்தாள் இரண்டு பிள்ளைகள் வாயெல்லாம் பல்லாக ஓடிவர, கீழே "உங்கள் விடுப்பு உங்கள் உரிமை. எடுங்கள், மகிழுங்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, லீவுச் சீட்டோடு வருகிறவளைப் பார்த்துத் தனுஷ்கோடி கேட்பது ஒரே கேள்வி. "ஆள் காட்டினியா?"

ஆள் காட்டுவது என்றால் இதுதான். நூல் நூற்கும் பிரேமில் நிமிஷத்துக்கு நிமிஷம் இழை அறும், அறுந்ததை ஓடி ஓடி ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பிரேமுக்கு ஒருத்தி. அவள் லீவு போட்டால் பக்கத்து பிரேம்காரி தன்னுடையதையும் பார்த்து இவளுடையதையும் பார்க்க வேண்டும், எட்டு மணி நேரம் இரண்டு சந்துக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓட வேண்டும், ஓடுகிறேன் என்று லீவுச் சீட்டில் அவளே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கையெழுத்து இருந்தால் லீவு. இல்லையென்றால் இல்லை. ஆக, சௌபாக்கியம் மில் தன் சரித்திரத்தில் யாருக்கும் லீவை மறுத்ததே இல்லை, மறுத்தவர்கள் எல்லாரும் பக்கத்து பிரேம்காரிகள்தான். லீவு கேட்கிறவள் கம்பெனியைக் கேட்கவில்லை, பக்கத்தில் நிற்கிறவளின் முதுகெலும்பைக் கேட்டாள். இந்தச் சூட்சுமத்தை எவன் கண்டுபிடித்தானோ, அவன் நாசமாய்ப் போக.

வெட்கப்பட்டு வெட்கப்பட்டு யாரும் கேட்காமலே விட்டார்கள். கேட்காமல் விட்டதற்குப் பரிசும் உண்டு. ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, பந்தலில் மைக் போட்டு, வருஷம் முழுக்க லீவே எடுக்காதவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆளுக்கொரு எவர்சில்வர் சம்படம் கொடுப்பார்கள். மூடியில் பேரும் வருஷமும் "முழு வருகை" என்ற எழுத்தும் வெட்டியிருக்கும். அதை ஒருத்தரும் புழங்கமாட்டார்கள். உறைகூடப் பிரிக்காமல் தட்டில் அடுக்கி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைப்பார்கள். எட்டுச் சம்படம் உள்ள வீட்டுப் பெண் என்றால் பொறுப்பான குடும்பத்துப் பெண் என்று பேர்.

செண்பகத்தின் தட்டில் பத்தொன்பது நின்றன. மாரிக்கனிக்கு ஐந்து வயதில் அப்பா செத்துப்போக, மறுமாதம் மில்லில் சேர்ந்தவள். அந்தப் பத்தொன்பதில் எட்டாவதை மட்டும் அவள் திறக்கவில்லை. அதற்குள் எந்த நாள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மறுநாள் தனுஷ்கோடியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மகளுக்குப் பேறுகாலம் சார். தூத்துக்குடியில இருக்கா. என்னைக்கு வேணும்னாலும் வலி எடுக்கும்ங்காங்க. ஒரு வாரம் வேணும்."

"தாராளமா எடுத்துக்கம்மா. உன் லீவு உன் உரிமை. நானா வேண்டாங்கேன்?" என்று தலைக்கு மேலே இருந்த படத்தைப் பேனாவால் காட்டினார் தனுஷ்கோடி. "ஆள் காட்டிட்டுப் போ."

ஆள் என்றால் எஸ்தர். பதினெட்டு வருஷமாகப் பக்கத்து பிரேம். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் எஸ்தரின் அப்பா சாத்தூரில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது அவள் சீட்டை நீட்டினாள், செண்பகத்துக்கு அன்று காய்ச்சல், நிற்கவே முடியவில்லை, "என்னால ஓட முடியாது எஸ்தர், நாளைக்குப் போயேன்" என்று சொல்லிவிட்டாள். நாளைக்கு அந்த மனுஷர் இல்லை. மறு வருஷம் ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, தனியாக வீட்டில் இருந்த மாரிக்கனி பெரியவளாகிவிட்டாள், பிள்ளை பயந்து அழுகிறது என்று கேட்டுக்குத் தகவல் வந்தது. செண்பகம் சீட்டோடு எஸ்தரிடம் ஓடினாள். எஸ்தர் அந்தச் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறுந்த இழையை ஒட்டப் போய்விட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. மாரிக்கனியும் அன்றிலிருந்து அம்மா எப்போது வருவாள் என்று யாரையும் கேட்பதில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, போன வாரம்தான் போனில் கேட்டாள். "இதுக்காவது வருவியா?"

அப்படிக் கேட்டிருந்தும் எஸ்தரிடம் சீட்டை நீட்டச் செண்பகத்துக்குக் கை வரவில்லை.

இதற்குள் காலனியில் எல்லாருடைய சம்படமும் திறந்துகொள்ளத் தொடங்கிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க நேரம் எங்கே இருந்தது? மழைக்காலத்தில் வெயில் கிடைத்தால் ஆக வேண்டிய காரியம் ஆயிரம் இருந்தது. வடகம் போட்டார்கள், மிளகாய் காயவைத்தார்கள், ஈரம் பிடித்த மெத்தையைத் தட்டிப் போட்டார்கள், சம்படம் இல்லாத வீட்டார் சம்படம் உள்ள வீட்டாரிடம் அரை நாள் இரவல் கேட்டார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் அம்மாவின் சம்படத்தில் நாலு நாளை வரிசையாகத் திறந்துவைத்துப் படித்த பெண் கணக்கில் பாசானாள். சம்படத்திலிருந்து வரும் வெள்ளிக்கிழமைக்கு விரதம் உண்டா இல்லையா என்று கோயிலில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள், அதற்குள் கறிக்குழம்பு கொதித்துவிட்ட வீடுகள் எல்லாம் இல்லை என்ற கட்சியில் சேர்ந்துகொண்டன. இப்படி ஒரு வாரம் ஊரே திருவிழாவாக இருந்தது.

வடகம் காய்ந்து முடிந்தபிறகுதான் வெயிலுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை பார்க்கும் சண்முகக்கனி, தம்பி தாலி கட்டப் போகும் நேரம் தலையைத் திருப்பி அண்ணன் வந்துவிட்டானா என்று கூட்டத்தில் தேடுவதைப் பார்த்தான், மூன்று தடவை தேடினான் தம்பி. ஒருத்தி தன் பிள்ளை முதலில் எழுந்து நடந்த நாளைப் பார்த்தாள், பிள்ளை நடந்து போய்ச் சுவரைக் கட்டிக்கொண்டது. பார்க்கலாம், வெயிலில் நிற்கலாம், அழலாம், ஆனால் உள்ளே போக முடியாது. எடுக்காத நாள் எடுக்காததுதான். அந்தப் பன்னிரண்டு நாளையும் பத்திரமாகப் பூட்டிவைத்து, மூடியில் பேர் வெட்டி, கைதட்டி அவர்களிடமே கொடுத்திருந்தார்கள்.

வயிறு எரிந்தது எல்லாருக்கும். எரிந்த வயிறு யார்மேல் பாய வேண்டுமோ அவர்மேல் பாயாமல் பக்கத்து வீட்டின்மேல் பாய்ந்தது. "அன்னைக்கு நீ கையெழுத்துப் போட்டிருந்தா எங்கம்மா முகத்தைப் பாத்திருப்பேன்டி" என்று குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியின் குடத்தைப் போட்டு உடைத்தாள். நிச்சயம் பண்ணிய கல்யாணம் ஒன்று நின்றது. காலனி முழுக்க இவள் அவளுக்குப் போடாத கையெழுத்தும் அவள் இவளுக்குப் போடாத கையெழுத்துமாகச் சண்டை நாறியது, தெருக்கோடியில் அத்தனை பெரிய மில் அத்தனை பெரிய புகைபோக்கியோடு நின்றுகொண்டிருக்க, ஒருத்தர்கூட அந்தப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எஸ்தர் ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டே வந்து செண்பகத்தின் வீட்டு நடுவில் தன் சம்படத்தை ணங்கென்று வைத்துத் திறந்தாள்.

"பாரு. நல்லாப் பாரு" என்றாள்.

சாத்தூர் வீட்டில் கயிற்றுக் கட்டிலில் அந்த மனுஷர் கிடந்தார். வாசலில் நிழல் ஆடும்போதெல்லாம், "எஸ்தரா? எஸ்தரு வந்துட்டாளா?" என்று கேட்டார். காக்கைக்கும் கேட்டார், பால்காரருக்கும் கேட்டார். அந்த நாள் முழுவதும் செண்பகம் எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, எதிரில் எஸ்தர் தன் அப்பாவைப் பார்க்காமல் செண்பகத்தின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பொழுது அடைந்ததும் செண்பகம் வாயைத் திறந்தாள்.

"எஸ்தர், நான் அன்னைக்கு..."

"பேசாதே" என்று மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் எஸ்தர்.

ஊர் இப்படி ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தபோது, மில்லில் ஒரு மனுஷர் மட்டும் நிதானமாக யோசித்தார். சம்பட நாள் உள்ளே ஓடும்போது வெளியே கடிகாரம் ஓடுவதில்லை என்ற ஒரு விஷயத்தைத் தவிர வேறெதுவும் தனுஷ்கோடியின் காதில் விழவில்லை. மறுநாள் அந்தக் கடற்கரைப் படத்துக்குப் பக்கத்திலேயே அறிவிப்பு ஒட்டினார். அந்தந்த வருஷத்துக்குள் எடுக்காத விடுப்பு காலாவதியானது, காலாவதியான நாட்கள் நிறுவனத்துக்குச் சொந்தம், ஆகவே மேற்படி நாட்கள் அடங்கிய சம்படங்களை உடனே ஒப்படைக்கவும். காலனிக்குள் வேன் வந்தது. வாட்ச்மேன் சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். செண்பகத்தின் வீட்டில் பதினெட்டை எடுத்தவர், "பேரேட்டுல பத்தொம்பதுன்னு இருக்கு தாயி, என் வேலையைக் கெடுத்துராத" என்றார். அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து எட்டாவதை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கையை வெட்டிப்போடலாம் போல இருந்தது அவளுக்கு.

அதிலிருந்து தினமும் ஷிப்டுக்கு நடுவில் ஷட்டரை இறக்கி, நூற்பு ஷெட்டின் மத்தியில் ஒரு சம்படத்தைத் திறந்து, வெளியே ஒரு நிமிஷம்கூடக் கழியாமல் உள்ளே முழுதாக ஒரு நாள் வேலை வாங்கினார்கள். சம்பட ஷிப்டு என்று அதற்குப் பேர்கூட வைத்தாகிவிட்டது. "வெளியில உங்களுக்கு ஒரு நேரமும் போகலையே, அப்புறம் என்ன நஷ்டம்?" என்றார் தனுஷ்கோடி. காலையில் வெட்டிய நகம் மாலையில் வளர்ந்திருந்தது. ஐப்பசி முடிவதற்குள் எல்லாப் பெண்களுக்கும் காதோரம் நரைத்துவிட்டது. யார் யாருடைய அடுப்படியோ, யார் யாருடைய கல்யாணப் பந்தலோ, யாருடைய அப்பன் சாகக் கிடக்கும் கட்டிலோ பிரேம்களுக்கு நடுவில் விரிந்து கிடக்க, அவர்கள் தலையைத் தூக்காமல் அதன் ஊடாக நடந்து நடந்து இழை ஒட்டினார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால் நாலு இழை அறுந்துவிடும்.

கார்த்திகை பிறந்த அன்று காலையில் சீனிச்சாமி கேட்டிலிருந்து ஓடிவந்தார். "உன் மருமகன் போன் போட்டாரு தாயி. மகளுக்கு வலி கண்டிருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்களாம். உன்னைத்தான் கேக்குதாம் பிள்ளை."

செண்பகம் சீட்டை எழுதவில்லை, தனுஷ்கோடியிடம் நேரே போனாள். அவர் சம்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள்ளேயே நின்றிருந்தார்.

"இப்பவே போகணும் சார்."

"போலாமே. இந்தச் சம்பட ஷிப்டை முடிச்சிட்டுப் போ. வெளியில ஒரு நிமிஷம் ஆகுமா? உன் மக ஒரு மூச்சு விடுறதுக்குள்ள நீ வெளியில இருப்ப. அதுக்கப்புறம் ஆள் காட்டிட்டு..." என்று சொல்லிக்கொண்டே ஷட்டரை இறக்கச் சைகை காட்டிவிட்டு, கையில் இருந்ததைத் திருகித் திறந்தார்.

மூடியில் செண்பகவல்லி என்று இருந்ததை அவர் பார்க்கவில்லை. யார் பேர் என்று அவர் எந்த நாளும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை வெளியே வந்தது. பங்குனி வெயில், பதினொரு மணி வெயில், அவளுடைய பழைய வீட்டு வாசற்படியோடு வந்து, பதினான்காம் பிரேமுக்கும் பதினைந்தாம் பிரேமுக்கும் நடுவில், செண்பகத்துக்கும் எஸ்தருக்கும் நடுவில், சரியாக அந்தச் சந்தில் விரிந்தது. வாசற்படியில் பன்னிரண்டு வயது மாரிக்கனி பள்ளிக்கூடப் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சாகப்போகிறோம் என்று நினைக்கிற முகத்தோடு, தெருமுனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சேலை தெரியும்போதும் எழுந்தாள். அம்மா இல்லை என்றதும் உட்கார்ந்தாள்.

செண்பகம் இரண்டு இழை ஒட்டினாள். கை தானாக ஒட்டியது, பத்தொன்பது வருஷத்துக் கை. மூன்றாவது இழைக்குக் கையை நீட்டியபோது, மகள் மறுபடியும் எழுந்து நின்றாள். செண்பகத்துக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது, அது அழுகை என்றுதான் அவளே நினைத்தாள், வாய்க்கு வந்தபோது அழுகையாக இல்லை.

"அடப் பாவிகளா!" என்று கத்திக்கொண்டே போய்ப் பிரேமின் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள்.

பதினான்காம் பிரேம் நின்றது.

"ஏய், யார் நிறுத்தச் சொன்னது?" என்று ஓடிவந்தார் தனுஷ்கோடி. "ஆள் காட்டாம எப்படி நிறுத்துவ? எஸ்தர்! வா இங்க, இவ பிரேமைப் பாரு."

எஸ்தர் வாசற்படியில் இருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் கையெழுத்துப் போடாத வியாழக்கிழமையை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"மாட்டேன் சார்."

"அப்ப ஆள் இல்ல. லீவு இல்ல" என்று செண்பகத்தின் பக்கம் திரும்பினார் அவர்.

"அதையேதான் நானும் சொல்லுதேன்" என்றாள் எஸ்தர். "ஆள் இல்ல. பதினெட்டு வருசமா ஆள் இல்லாத இடத்துல எங்க ரெண்டு பேரையும் ஒருத்திக்கு ஒருத்தியை ஆளாக் காட்டி ஏமாத்திட்டு இருந்திருக்கீரு. அவ போகட்டும். அவ பிரேமு நிக்கட்டும். நின்னா என்ன, மெசினு அழவா போகுது?" சொல்லிவிட்டுத் தன் பொத்தானையும் அடித்தாள்.

பிறகு பதினாறு நின்றது, பதினேழு நின்றது, எதிர் வரிசை நின்றது. தனுஷ்கோடி ஓடிப்போய் ஒரு பிரேமைத் தானே ஓடவிட்டார், ஓடிய வேகத்தில் இருபது இழை ஒன்றாக அறுந்தது, அவருக்கு ஓர் இழை ஒட்டத் தெரியவில்லை, வெள்ளைச் சட்டையெல்லாம் பஞ்சு அப்ப அங்கும் இங்கும் கையை ஆட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூட இல்லை. வெளியே போகவும் அவரால் முடியாது. நாள் வற்றும்வரை வெளியே நேரமே கிடையாது, அவர் திறந்த நாள், அவரும் அதற்குள்தான் கிடக்க வேண்டும்.

அந்த ஷெட் கட்டிய நாளிலிருந்து அதற்குள் இல்லாத அமைதி வந்தது. அந்த அமைதியில் வாசற்படியில் இருந்த பிள்ளை, வெளியே இருப்பவர்களின் அரவம் கேட்டவள்போல, சட்டென்று தலையைத் தூக்கினாள். இதுவரை சம்பட நாளுக்குள் இருந்த ஒருத்தரும் அப்படித் தூக்கியதில்லை. செண்பகம் போய் அவள் பக்கத்தில், தொடமுடியாத இடத்தில், தரையில் உட்கார்ந்தாள். எஸ்தர் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். எழுபது பெண்களும் தலைமுடியெல்லாம் பஞ்சோடு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவளான பிள்ளைக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்ய அங்கே மஞ்சள் இல்லை, தண்ணீர்க் குடம் இல்லை, தாய்மாமன் இல்லை. எஸ்தர்தான் முதலில் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி போட்ட குலவையை மற்ற எல்லாரும் வாங்கிப் போட்டார்கள், கோபம் தீர, தொண்டை கிழிய, தகரக் கூரை அதிர, பொழுது அடையும்வரை விட்டு விட்டுப் போட்டார்கள்.

நாள் வற்றியதும் செண்பகம் எழுந்து ஷட்டரைத் தானே தூக்கினாள். மழை விட்ட இடத்திலிருந்து பெய்தது. "மெமோ கொடுப்பேன், நாளைக்கு வந்தா கேட்டுக்குள்ள விடமாட்டேன்" என்று தனுஷ்கோடி பின்னால் கத்திய கத்தலை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்தர் கேட் வரை வந்து, தன் குடையை அவள் கையில் திணித்தாள். "போ மதினி. பிள்ளை பிறக்கு முன்ன போயிரு" என்றாள். மதினி என்று கூப்பிட்டுப் பதிமூன்று வருஷம் ஆகிறது.

வீட்டில் நுழைந்து, அன்று சம்பட வெயிலில் காயவைத்த துணிகளைப் பையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தூத்துக்குடி பஸ் ஒன்றரை மணி நேரம் போனது. பிரசவ வார்டு வராந்தாவில் மருமகன் நின்றிருந்தான், பார்த்ததும் நர்ஸிடம் சொல்லி உள்ளே விட்டான். மாரிக்கனி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலரவில்லை. இவள்தானா என்று உற்றுப் பார்த்தாள்.

செண்பகம் பையிலிருந்து துணியை எடுத்து வியர்வையைத் துடைத்தாள். மாரிக்கனி அந்தத் துணியை மூக்கோடு வைத்து இழுத்தாள்.

"அடைமழையில இது எப்படி வெயில் வாசம் அடிக்கு?"

"உன் வெயிலுதான்டி. நீ சின்னப்பிள்ளையா இருந்தப்ப அடிச்சது."

மாரிக்கனி அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. ஒரு வலி வந்து போனது. போன பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் பெரியவளான அன்னைக்கு, வாசப்படியில இருக்கையில எங்கிட்டிருந்தோ குலவைச் சத்தம் கேட்டுச்சும்மா. ஊரே சேர்ந்து போட்ட மாதிரி. யார்ட்டயும் சொன்னதில்ல. பைத்தியம்னுருவாங்க."

செண்பகம் துணியை மடித்து அவள் நெற்றியில் வைத்தாள்.

"சத்தம் கேட்டுச்சு" என்றாள் மகள், கண்ணைத் திறந்து நேராகப் பார்த்து. "நீ வரல."

"வரல" என்றாள் செண்பகம். அதற்குக் காரணம் சொல்ல அவளிடம் ஒரு மில் நிறையக் காரணம் இருந்தது, ஒன்றையும் சொல்லவில்லை.

அடுத்த வலி தொடங்கியபோது மாரிக்கனி கட்டில் கம்பியை விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள், எலும்பு நொறுங்கப் பிடித்தாள். இழை ஒட்டி ஒட்டிக் காய்த்த விரல்கள். பிடித்தபடியே மூச்சிரைக்கக் கேட்டாள்.

"நாளைக்கு ஷிப்டு இல்லையா உனக்கு? உன் பிரேமை யாரு பாக்கா?"

"யாரும் பாக்கல" என்றாள் செண்பகம். "நிக்குது. நிக்கட்டும்."